தொப்பூர் ஏற்றத்தில் சூடான கார்: ரேடியேட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மராத்தஹள்ளியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பத்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார். கூலன்ட் டப்பாவில் அளவு குறையும்போதெல்லாம் அபார்ட்மென்ட் பார்க்கிங் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றி வந்திருக்கிறார். சேலத்திலிருந்து பெங்களூர் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் சூடு முள் மேலே போய்விட்டது. ஓரம் கட்டி ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேர்ந்தார். இப்போது ஒரு மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றணும் என்கிறார். இன்னொருவர் கசிவை அடைக்கும் பவுடர் போட்டால் போதும், தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பார்த்துத் திறக்கும் வால்வை, கழற்றிவிட்டால் இனி சூடே ஆகாது என்கிறார். 'பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே, இங்கே கூலன்ட் அவசியமா?' என்பதும் அவர் கேள்வி.

ரேடியேட்டர் வேலை பல வருஷமாகச் செய்கிறவன் என்ற முறையில் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் ரேடியேட்டரை மாற்ற வேண்டி வரலாம். ஆனால் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் மாற்றாதீர்கள். பவுடர் வேண்டாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றவே வேண்டாம். கூலன்ட் பெங்களூரில் கட்டாயம் வேண்டும், அதற்குக் காரணம் இந்த ஊர்த் தண்ணீர்.

கூலன்ட்டுக்கு 'ஆன்ட்டிஃப்ரீஸ்' என்று இன்னொரு பெயர் இருப்பதால், பனி விழாத ஊருக்கு அது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் உறைநிலையைக் குறைக்கிறது என்பது உண்மை. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது மற்ற மூன்று வேலைகள்: கொதிநிலையை உயர்த்துவது, அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்காமல் காப்பது, வாட்டர் பம்ப் சீல் காய்ந்து தேயாமல் பார்த்துக்கொள்வது. அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள் கூலன்ட் பாட்டிலில் அளவில் மிகக் குறைவு. ஆனால் உங்கள் இன்ஜினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரில் அது துளியும் கிடையாது.

கொதிநிலை விஷயத்தில் பெங்களூருக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குவது 95 டிகிரியை ஒட்டித்தான். அதாவது அமைப்புக்குள் அழுத்தம் நிற்காவிட்டால், ஃபேன் விழித்துக்கொள்ளும் நேரத்தில் வெறும் தண்ணீர் கொதிநிலையை நெருங்கியிருக்கும். அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பது ரேடியேட்டரின் சின்ன மூடி. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், அது பார் கணக்கில் அழுத்தம். 1.1 மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி பக்கம் வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் என்றால் அதற்கு மேலும் ஏழெட்டு டிகிரி கிடைக்கும். மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் இந்தத் தாங்கு சக்தி முழுதும் போய்விடும். ரேடியேட்டர் கெட்டுவிட்டது என்று வருகிற வண்டிகளில் சிலவற்றுக்கு மூடியை மட்டும் மாற்றினாலே சரியாகிவிடும். ஒரு அடையாளம் சொல்கிறேன். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் உள்ளே ஒடுங்கிச் சப்பையாக இருந்தால், மூடியில் உள்ள வேக்குவம் வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சில கார்களில் ரேடியேட்டர் மேல் மூடியே இருக்காது, பிளாஸ்டிக் டப்பாவின் மூடிதான் அந்த வேலையைச் செய்யும். அதற்கும் இதே விதி.

இனி தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெங்களூரின் பழைய பகுதிகளுக்குக் காவிரித் தண்ணீர் தொரெகாடனஹள்ளியிலிருந்து வருகிறது. மராத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கமெல்லாம் இத்தனை வருஷமாக ஓடியது பெரும்பாலும் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகும், பார்க்கிங் குழாயில் வருவது எது என்று செக்யூரிட்டியிடம் கேட்டால்தான் தெரியும். ஆழ்துளைத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குடிக்க 600 பரவாயில்லை, ரேடியேட்டருக்கு அது ஆகவே ஆகாது.

ஏன் என்றால், இந்தத் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கெய்சர் காயிலில் ஒட்டியிருக்கும் அதே வெள்ளைப் பொருக்குதான். ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய்களின் உள்இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதில் கொஞ்சம் படிந்தாலே ஓட்டம் குறையும், வெப்பமும் வெளியே போகாது. இதில் இன்னொரு கெடுதல், கசிவோடு சேர்ந்து நடப்பது. சூடான இடத்தில் கசிந்து ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் மறுபடி ஊற்றும் தண்ணீர் புது உப்பைக் கொண்டுவருகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பத்து லிட்டர் ஊற்றினால் ஐந்து கிராம் உப்பு உள்ளே போயிருக்கிறது. நாலு லிட்டர் பிடிக்கும் ஒரு சின்ன அமைப்புக்கு அது அதிகம். இதோடு, பழைய கூலன்ட்டில் பாஸ்பேட் இருந்தால் அது கால்சியத்தோடு சேர்ந்து சேறாக இறங்கும். தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசி முனை அளவு பள்ளம் பறித்துக் கடைசியில் ஓட்டையே போடும்.

'எங்கள் அபார்ட்மென்ட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது' என்று சிலர் சொல்வார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. பொருக்குப் படியாது, சரி. ஆனால் உப்பு அப்படியே இருக்கும், குளோரைடும் இருக்கும். அதனால் அதுவும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், அவசரத்துக்கு ஊற்றலாம். நிரந்தரமாக ஊற்ற வேண்டியது டி.எம். வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) அல்லது டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேனாகக் கிடைக்கும். பேட்டரி ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது காயில் மேல் வழிந்து தூசியையும் உலோகத் துகளையும் வாரிக்கொண்டு வருவது, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, தண்ணீர் எங்கே போகிறது? நல்ல நிலையில் உள்ள கூலிங் அமைப்பில் மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே வராது. அடிக்கடி குறைந்தால் கசிவு உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். மெக்கானிக்கிடம் 'பிரஷர் டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க' என்று கேளுங்கள். மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, இன்ஜின் ஆறியிருக்கும்போது, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. ரேடியேட்டரின் அலுமினியக் கோரும் (குழாய்கள் உள்ள நடுப்பகுதி) பிளாஸ்டிக் டாங்கும் சேரும் மடிப்பில் வெள்ளையாகவோ, பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ பொருக்குக் காய்ந்திருந்தால் அங்கேதான். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஈரமோ கறையோ தெரிந்தால் பம்ப் சீல் போய்விட்டது. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக் கார்பெட் நனைந்து இனிப்பு வாசனை வந்தால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர், கசிகிறது. பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் ஹோஸ்களை எலி கடித்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், பெங்களூரில் இது சாதாரணமாக நடக்கிறது.

வெளியே எங்கும் கசிவில்லை, ஆனால் அளவு குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். உங்கள் வண்டி ஒருமுறை நன்றாகச் சூடாகிவிட்டதால் இந்தச் சோதனையை நீங்கள் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். காலையில் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கிறதா? ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? ஆயில் மூடியின் உள்ளே பால் ஏடு போல இருக்கிறதா? கடைசியாகச் சொன்னதை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் கிட்டத்திலேயே ஓட்டும் வண்டிக்கு லேசாக அப்படிப் படிவது உண்டு. சந்தேகம் தீர ஒரு நீல நிறத் திரவத்தை வைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிறது. இன்ஜின் புகை கூலன்ட்டுக்குள் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். கேஸ்கட் போன இன்ஜினுக்குப் புது ரேடியேட்டர் போட்டால் அந்தக் காசு வீண். ஹெட் வளைந்திருந்தால் அதை இறக்கி முகத்தைச் சமமாகச் சீவி (ஃபேஸிங்) கேஸ்கட் மாற்றும் வேலை முதலில் முடியணும்.

எந்த நேரத்தில் சூடாகிறது என்பதும் பெரிய தடயம். சில்க் போர்டிலோ ஹெப்பாளிலோ நெரிசலில் நிற்கும்போது சூடு ஏறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது இறங்கினால், காற்று போதவில்லை. ஃபேன் மோட்டார், ரிலே, ஃபேன் ரெசிஸ்டர், அல்லது ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்திருக்கும் தூசியும் பூச்சியும்தான் காரணம். நெரிசலில் ஒன்றும் ஆகாமல், ஏற்றத்திலும் வேகத்திலும் மட்டும் சூடானால், உள்ளே ஓட்டம் போதவில்லை. குழாய் அடைப்பு, பம்ப் இறக்கை தேய்வு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், உறிஞ்சலில் ஒடுங்கும் கீழ் ஹோஸ் என்று பார்க்கணும். உங்கள் வண்டி தொப்பூரில் சூடானது, பெங்களூர் நெரிசலில் ஆகவில்லை என்றால் இந்த இரண்டாவது வகைதான். குழாய்த் தண்ணீர் ஊற்றிய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் உள்அடைப்புதான் என் முதல் சந்தேகம். உறுதிசெய்ய ஒரு வழி: இன்ஜின் முழுச் சூட்டில் ஓடும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகம் முழுக்கக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைந்து வரணும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் தெரிந்தால் அங்கே குழாய் அடைபட்டிருக்கிறது.

இப்போது அந்த இரண்டாவது மெக்கானிக் சொன்னதைப் பார்ப்போம். கசிவுக்கு மஞ்சள் தூள் போடுவது நம் ஊர்களில் பழைய பழக்கம். லாரிகளில், நடுக்காட்டில், வேறு வழியில்லாமல் செய்தது. கடையில் விற்கும் சீல் பவுடரும் அதே வேலையைத்தான் செய்கிறது: துகள்கள் போய் ஓட்டையை அடைக்கின்றன. எது ஓட்டை, எது குழாய் என்று அந்தத் துகளுக்குத் தெரியாது. ஏற்கெனவே பாதி அடைத்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டரில், அதைவிட நுண்ணிய ஹீட்டர் கோரில், மிச்சமிருக்கும் வழியையும் அது மூடிவிடும். பிறகு ரேடியேட்டர் மாற்றினாலும் இன்ஜின் பிளாக்கில் தங்கிய பவுடர் கிளம்பிப் புது ரேடியேட்டருக்குள் போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இதைவிட மோசம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது தீர்வு மாதிரியே தெரியும். பெரும்பாலும் 82 டிகிரி பக்கம் திறக்கத் தொடங்கும் வால்வு அது. இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், பெட்ரோல் கூடுதலாக எரியும், ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். சந்தேகம் என்றால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பாருங்கள். கொதி வருவதற்குள் நன்றாகத் திறக்கணும், ஆறினால் மூடணும். இல்லையென்றால் புதுசு போடுங்கள், விலை பெரிதில்லை.

ரேடியேட்டரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா? அம்பாசடர் காலத்து ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும். மேல் டாங்கை ஈயம் உருக்கிப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுத்து, மறுபடி பற்றவைப்போம். சிவாஜிநகரில் அந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவர்களை விடாதீர்கள். உங்களுடையது அலுமினியக் கோரும் நைலான் டாங்கும் சேர்த்து மடித்தது. பத்து வருஷச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். எம்-சீல் வைத்து ஒட்டினால் ஊருக்குள் நிற்கும், அடுத்த ஏற்றத்தில் கைவிடும். உள்அடைப்பு என்று உறுதியானால் மாற்றிவிடுங்கள்.

ஜே.சி. ரோட்டில் தேடினால் எல்லா விலையிலும் கிடைக்கும். கம்பெனிப் பெட்டியில் வருவதை வாங்க முடியாவிட்டால் பேங்கோ, மாலே, டென்சோ போன்று கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்களுடையதைக் கேளுங்கள். பெயர் தெரியாத மெல்லிய கோர் வேண்டாம். சாஸிஸ் நம்பரைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ரேடியேட்டர் வேறுவேறாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியர் ஆயில் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் டாங்குக்குள்ளேயே போகிறது. அது உடைந்து கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போனால் செலவு ரேடியேட்டர் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். அப்படிப்பட்ட வண்டியில் மலிவானதைப் போடவே கூடாது. மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஹோஸ் வாய், அடி முளை, ஃபேன் மாட்டும் துளை எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கூடவே மாற்ற வேண்டியவை: மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், அடி ரப்பர் புஷ். பம்பை டைமிங் பெல்ட் ஓட்டுகிற இன்ஜினாக இருந்து, பெல்ட் மாற்றும் கெடுவும் நெருங்கினால் பம்பையும் சேர்த்து முடித்துவிடுங்கள். ஹோஸுக்குக் கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப்பே நல்லது. பிளாஸ்டிக் கழுத்தில் திருகு கிளிப்பை இறுக்கிக்கொண்டே போனால் கழுத்து விரியும். ஏ.சி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் கேஸை வெளியே விடாமலேயே அதை நகர்த்திக் கட்டி வைத்துவிட்டு ரேடியேட்டரை எடுக்கலாம். கேஸ் விடணும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம், பச்சை எல்லாம் ஒன்றில்லை, சிவப்பு எல்லாம் ஒன்றில்லை. உள்ளே என்ன காப்புப் பொருள் என்பதுதான் கணக்கு. பழைய வகையில் சிலிக்கேட் போன்ற தாது உப்புகள், சுமார் 2 வருஷம் தாங்கும். புதிய வகையில் கரிம அமிலங்கள், பொதுவாக 5 வருஷம். ஜப்பானியக் கம்பெனிகள் கரிம அமிலத்தோடு பாஸ்பேட் சேர்ப்பார்கள், சிலிக்கேட்டைத் தவிர்ப்பார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் பலவும் இதற்கு நேர்மாறு. இரண்டைக் கலந்தால் ஆயுள் குறையும், சில கலவைகள் கூழாகவும் ஆகும். அதனால் வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் வகையையே வாங்குங்கள். பாட்டிலில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்று தரநிலை எண் இருந்தால் நல்லது. முக்கியமாக, அது தண்ணீர் கலந்து வந்ததா, கலக்காத கான்சென்ட்ரேட்டா என்று பாருங்கள். கான்சென்ட்ரேட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் வண்டி கூடுதலாகச் சூடாகும், ஏனென்றால் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் மேல், கிளைக்கால் அதைவிடக் குறைவு. நம் ஊருக்கு 30 முதல் 50 சதவீதம் கூலன்ட் சரி. 30-க்குக் கீழே போனால் அரிப்புக் காப்பு போதாது.

இங்கேதான் பல பட்டறைகளில் ஒரு தப்பு நடக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன். ரேடியேட்டர் அடியில் உள்ள டிரெய்னைத் திறந்தால் மொத்தத் தண்ணீரும் வராது. கிட்டத்தட்டப் பாதி இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். உங்கள் வண்டி 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் வெளியே வரும், 2 லிட்டர் பழைய குழாய்த் தண்ணீர் உள்ளே நிற்கும். அதன் மேல் கலந்து வந்த 50 சதவீதக் கூலன்ட்டை 2 லிட்டர் ஊற்றினால் உள்ளே இருப்பது 25 சதவீதம்தான், அதுவும் உப்புத் தண்ணீரோடு. சரியான முறை இது: டி.எம். வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, ஆறவைத்து இறக்கணும். ஒவ்வொரு முறையும் பழையது பாதியாகும். மூன்று முறை செய்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். உங்கள் வண்டிக்கு நாலு முறை செய்யச் சொல்வேன். இப்போது உள்ளே தங்கியிருப்பது 2 லிட்டர் ஓரளவு சுத்தமான தண்ணீர். அதனால் இந்த முறை 2 லிட்டர் கான்சென்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள், இன்னும் இடமிருந்தால் டி.எம். வாட்டர். மொத்தத்தில் பாதிக்குப் பாதி வந்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருக்கும் கடையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சதவீதம் தெரிந்துவிடும். ஆசிட் போட்டு ஃப்ளஷ் செய்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அலுமினிய ஹெட்டில் அது கை வைக்கும், பொருக்கு மூடி வைத்திருந்த ஓட்டைகளையும் திறந்துவிடும்.

இந்தத் தண்ணீர் மாற்றும் வேலையைப் பழைய ரேடியேட்டர் இருக்கும்போதே முடித்துவிட்டு, புதியதைக் கடைசியில் மாட்டுவது நல்லது. பிளாக்கில் இருந்து கிளம்பும் சேறு பழையதிலேயே போகட்டும்.

நிரப்பும்போது காற்று தங்காமல் பார்ப்பது பாதி வேலை. காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூ இருந்தால் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டியின் மூக்கு கொஞ்சம் உயரமாக நிற்கும் சரிவில் நிறுத்தினால் காற்று தானே மேலே வரும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஓட்டுங்கள், ஹீட்டரில் சூடான காற்று நிலையாக வரணும். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவு பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றுங்கள். முதல் வாரம் முழுக்கத் தினமும் காலையில் ஒரு பார்வை. அதன் பிறகு மாதம் ஒருமுறை போதும். மழைக்காலம் முடிந்ததும் ரேடியேட்டர் முகத்தை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின் எல்லாம் மடிந்து காற்று வழி அடைபடும்.

மறுபடி எப்போதாவது வழியில் சூடானால்: ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வையுங்கள், கண்ணாடியை இறக்கி ஓரம் கட்டுங்கள். அந்த ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், சில டிகிரி இறக்கிக் கொடுக்கும். ஆவி வந்தாலோ முள் உச்சியில் நின்றாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர், அழுத்தம் போன நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அந்தத் தீக்காயத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, தடித்த துணி போட்டு, மெதுவாகத் திறவுங்கள். குடிக்கிற பாட்டில் தண்ணீரை ஊற்றலாம், அந்த நேரத்தில் எந்தத் தண்ணீரும் தண்ணீர் இல்லாததைவிட மேல். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். ஊர் வந்ததும் அந்த வாரத்துக்குள் அதை இறக்கி மாற்றிவிடணும்.

இப்போதைய கார்கள் பலவற்றில் சூடு முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். முள் இருந்தாலும் அது பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், நகரும்போது நிலைமை முற்றியிருக்கும். கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் தண்ணீரில் படாமல் தப்பான சூட்டைக் காட்டுவதும் உண்டு. மலைப் பயணம் அதிகம் என்றால் காரைச் சோதிக்க உள்ள ஓ.பி.டி. பிளக்கில் மாட்டும் புளூடூத் கருவி ஒன்று வாங்கி, போனில் டிகிரியையே பாருங்கள். நல்ல நாளில் உங்கள் வண்டி எத்தனையில் ஓடுகிறது என்று தெரிந்துவைத்தால், ஐந்தாறு டிகிரி ஏறும்போதே கண்டுபிடிக்கலாம். மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலும் கூலன்ட் உண்டு, சிலவற்றில் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனி வகை. அதில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, அளவு குறைந்தால் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

கடைசியாக, இறக்கிய பழைய கூலன்ட். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கடும் விஷமும் கூட. பார்க்கிங் தரையில் தேங்கினால் தெருநாய் நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் ஏரிக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே 'விஷம்' என்று எழுதி, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு வாரிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.